வயலுக்கு மேல் பத்து அடி: விவசாய விமானி ஆவது பற்றிய வாசகர் கேள்விகள்

விமானி ஆவதைப் பற்றி இப்பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் பயணிகள் விமானத்தைப் பற்றியவையாகவே இருக்கும். அண்மைக் காலத்தில், பயிர்களுக்கு மேலே தாழப் பறந்து விதையும் பசளையும் மருந்தும் இடுகின்ற விவசாய விமானிகளைப் பற்றிக் கொழும்பு வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். நம்மிடையே அதிகம் பேசப்படாத தொழில் என்பதாலும், விவரம் அறியாமல் இறங்கினால் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக்கூடிய துறை என்பதாலும், இம்முறை பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் வெள்ளவத்தையில் தங்கி உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். வயல்களுக்கு மேலாகத் தாழப் பறந்து மருந்து தெளிக்கும் விமானங்களின் காணொளிகளைப் பார்த்ததிலிருந்து அந்தத் தொழிலுக்கே போக வேண்டும் என்று விரும்புகிறேன். பயணிகள் விமானத்தில் எனக்கு நாட்டம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? இலங்கையிலேயே இதைப் படிக்க முடியுமா?
– வெள்ளவத்தை மாணவர்

பதில்: தம்பி, காணொளிகளில் நீங்கள் பார்ப்பது இந்தத் தொழிலின் மிகச் சிறிய பகுதி மாத்திரமே என்பதால், முதலில் தொழில் எத்தகையது என்பதைச் சொல்கிறேன். 1921 ஆகஸ்ட் 3ஆம் திகதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ட்ரோய் என்னும் ஊருக்கு அருகே, ஜோன் மக்ரெடி என்ற இராணுவ விமானி, மரங்களின் இலைகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்த புழுக்களை அழிப்பதற்காக ஒரு கேர்ட்டிஸ் விமானத்திலிருந்து நச்சுத் தூளைத் தூவினார். விமானத்தால் பயிரைக் காக்கும் தொழில் அந்த நாளிலிருந்தே தொடங்கியதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இன்று அதற்கென்றே கட்டப்படும் விமானங்கள் உள்ளன. டெக்சாஸ் மாநிலத்தின் ஒல்னி நகரில் தயாராகும் எயார் டிராக்டர் 502 ஏறக்குறைய 1,900 லீற்றர் திரவத்தையும், அதன் பெரிய வகையான 802 ஏறக்குறைய 3,000 லீற்றரையும் சுமக்கும். விமானி பெரும்பாலும் தனியாகவே இருப்பார். பயிருக்கு மேலே சுமார் 10 அடி உயரத்தில், மணிக்கு 200 கிலோமீற்றர் அளவான வேகத்தில், ஜி.பி.எஸ். வழிகாட்டும் விளக்குப் பட்டையைப் பார்த்து நேர்கோட்டில் பறப்பார். வயலின் எல்லை வந்ததும் தெளிப்பை நிறுத்தி மேலெழுந்து, வளைந்து திரும்பி, அடுத்த கோட்டில் மீண்டும் இறங்குவார். தாங்கி காலியானதும் அருகிலுள்ள மண் ஓடுபாதையில் தரையிறங்கி, மறுபடியும் நிரப்பிக்கொண்டு எழும்புவார். பருவ காலத்தில் விடியலிலிருந்து அந்தி வரை இதுவே வேலை.

தெளிப்பது மாத்திரம்தான் வேலை என்றும் எண்ண வேண்டாம். கலிபோர்னியாவின் சக்ரமென்ரோ பள்ளத்தாக்கில், நீர் நிரப்பிய வயலில் ஊறவைத்த நெல் விதையை விமானத்திலிருந்தே விதைக்கிறார்கள். நம்முடைய விவசாயி விதைநெல்லை ஊறவைத்து, நீரை வடித்து, கையால் வீசுகின்ற அதே காரியத்தை அங்கே ஒரு விமானி செய்கிறார். விதை ஏன் ஊற வேண்டும், நீர் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நியூசிலாந்தில் மேய்ச்சல் மலைச் சரிவுகளுக்குச் சுப்பர் பொஸ்பேற்றுப் பசளை இடுவதே இத்தொழிலின் அடித்தளமாக அமைந்தது. மத்திய அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் வாழைத் தோட்டங்களின் இலைப்புள்ளி நோய்க்கு மருந்து தெளிக்கிறார்கள். அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதிக விவசாய விமானங்களைக் கொண்ட பிரேசிலில், எதனோலில் ஓடும் இபனேமா என்ற விமானமே தயாரிக்கப்படுகிறது.

இலங்கையில், மனிதர் ஏறிச் செலுத்தும் விவசாய விமானத் தொழில் இன்று நடைபெறவில்லை. அதற்கான காரணத்தை நீங்கள் ஒரு முறை வயற்காட்டின் நடுவே நின்று பார்த்தாலே விளங்கிக்கொள்ளலாம். நம்முடைய நெல் வயல்களில் பெரும்பாலானவை ஒரு ஹெக்டெயருக்கும் குறைந்த துண்டுகள். ஒருவருடைய வரம்புக்கு அப்பால் இன்னொருவருடைய காய்கறித் தோட்டம், அதற்கப்பால் கிணறு, தென்னை, மின்கம்பி, வீடு என்று அடுத்தடுத்து இருக்கும் நிலத்தில், ஒரு நொடியில் ஐம்பது மீற்றருக்கு மேல் கடக்கும் விமானத்துக்கு இடமில்லை. ஆகவே இந்தத் தொழிலை விரும்புகிறவர் வெளிநாட்டில் வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும்; பயிற்சித் திட்டத்தையும் அதற்கேற்பவே வகுக்க வேண்டும்.

அப்படியானால் இங்கே செய்யக்கூடியது என்ன? முதற்கட்டத்தை இங்கேயே செய்யலாம் என்பது மாத்திரமல்ல, செய்வதே நல்லது என்பது என் கருத்து. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து காலி வீதி வழியே சிறிது தூரம் சென்றால் இரத்மலானை விமான நிலையம். அங்கே, சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அங்கீகாரம் பெற்ற பறப்புப் பயிற்சிப் பாடசாலைகள் இயங்குகின்றன. மாணவ விமானி அனுமதிப்பத்திரம், அதன்பின் 17 வயதில் தனியார் விமானி அனுமதிப்பத்திரம், 18 வயதில் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் என்பதே வரிசை. சர்வதேச நியமத்தின்படி வர்த்தக அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 200 மணித்தியாலப் பறப்பு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுமையான பாடநெறி ஒன்றில் படித்தால் அது 150 ஆகக் குறையும். அமெரிக்காவில் வழமையான வழி 250 மணித்தியாலம். ஆங்கிலத்தில் குறைந்தது நான்காம் மட்டத் தேர்ச்சியைப் பரீட்சை மூலம் காட்டவும் வேண்டும்.

தனியார் அனுமதிப்பத்திரம் வரை இரத்மலானையில் படித்து, பறப்பது உங்களுக்கு உண்மையாகவே ஒத்துவருகிறதா என்பதை அறிந்துகொள்ளுங்கள். வர்த்தக அனுமதிப்பத்திரத்தை, எந்த நாட்டில் விவசாய விமானியாக வேலை தேட எண்ணுகிறீர்களோ அந்த நாட்டிலேயே பெற முடியுமா என்று பாருங்கள். ஒரு நாட்டின் அனுமதிப்பத்திரத்தை இன்னொரு நாட்டுக்கு மாற்றும்போது பரீட்சைகளையும் பறப்புச் சோதனைகளையும் மறுபடி எதிர்கொள்ள நேரும். செலவும் காலமும் இரட்டிக்கும். அங்கே போகும்போது, பயிற்சியின் ஒரு பகுதியையேனும் வால்சக்கர விமானத்தில் செய்யக் கேளுங்கள். விவசாய விமானங்களில் மிகப் பெரும்பாலானவை முன்னால் இரண்டு பெரிய சக்கரங்களும் வாலில் ஒரு சிறிய சக்கரமும் கொண்டவை. கரடுமுரடான ஓடுபாதையில் முன்னால் உள்ள சுழலி (புரொப்பெலர்) நிலத்தில் படாமல் உயர்ந்து நிற்கவும், பாரத்தைத் தாங்கவும் அந்த அமைப்பு உதவுகிறது. ஆனால் அதன் பாரமையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் அமைவதால், தரையில் ஓடும்போது சற்று விலகினாலும் வால் முன்னுக்கு வரப் பார்க்கும். அதைக் கால்களாலேயே அடக்கப் பழக வேண்டும். மூக்குச் சக்கர விமானத்தில் மாத்திரம் பழகியவருக்கு இந்தக் கால் பழக்கம் எளிதில் வராது.

பலர் ஏமாற்றம் அடையும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 200 அல்லது 250 மணித்தியாலங்களோடு, புதிய அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய் நிற்கும் ஒருவருக்கு எந்த நிறுவனமும் தன்னுடைய விலையுயர்ந்த டர்போபுரொப் விமானத்தைக் கொடுப்பதில்லை. கொடுக்க நினைத்தாலும் காப்புறுதி நிறுவனம் சம்மதிப்பதில்லை. ஆகவே இத்துறையில் நுழைவாயில் நிலத்திலேயே இருக்கிறது. மருந்தைக் கலந்து, அளந்து, விமானத்தின் தாங்கியில் ஏற்றும் குழுவில் வேலைக்குச் சேருவதே வழமை. அங்கே ஒரு பருவமோ சில பருவங்களோ வேலை செய்கிறவர், எந்தப் பயிருக்கு எந்த மருந்து, எந்த வரிசையில் கலக்க வேண்டும், எந்த இரண்டைக் கலந்தால் தயிராகத் திரண்டு குழாயை அடைக்கும், தெளிப்பு முனையான நொசிலின் துளை மாறினால் துளியின் பருமன் எப்படி மாறும், பக்கத்து வயலில் எந்தப் பயிர் நிற்கிறது, எங்கே தேனீப் பெட்டிகள் இருக்கின்றன என்பதையெல்லாம் கற்றுக்கொள்கிறார். களைநாசினி ஏற்றிய தாங்கியைச் சரியாகக் கழுவாமல் அடுத்த பயிருக்குப் போனால் அந்தப் பயிரே கருகிவிடும். அந்தப் பொறுப்பை நிலத்தில் ஒழுங்காகச் சுமந்தவர் என்று நிறுவன உரிமையாளர் கண்ட பிறகே விமானியின் ஆசனத்தைப் பற்றிய பேச்சு எழும்.

அமெரிக்கச் சட்டத்தில் விவசாயப் பறப்புக்கென்று 137ஆம் பகுதி என்ற தனி விதித்தொகுதி இருக்கிறது. அதன்படி விமானியிடம் சோதிக்கப்படும் விடயங்களைப் பாருங்கள்: வேலை தொடங்குமுன் நிலத்தை ஆராயும் முறை, நச்சுப் பொருட்களைக் கையாள்வதும் வெற்றுக் கொள்கலன்களை அகற்றுவதும், நஞ்சேறியவரிடம் தோன்றும் அறிகுறிகள், அப்போது செய்ய வேண்டியவை, விமானத்தின் செயலாற்றல். இவற்றுக்குப் பிறகே முழுப் பாரத்தோடு குறுகிய ஓடுபாதையில் எழுதல், வயலுக்குள் இறங்குதல், தெளிப்புக் கோட்டில் பறத்தல், மேலெழுந்து திரும்புதல் என்பன பறந்து காட்டப்படுகின்றன. இதற்கு மேலாக, மருந்து தெளிப்பவருக்கான மாநில அனுமதிப்பத்திரம் வேண்டும். அவுஸ்திரேலியாவில் வர்த்தக அனுமதிப்பத்திரத்தின் மேல் விவசாயப் பறப்புக்கான தனித் தகைமையைப் பெற வேண்டும். புதியவர் அனுபவமுள்ளவரின் மேற்பார்வையிலேயே வேலையைத் தொடங்குவார். இரசாயனத்துக்கான அனுமதிப்பத்திரம் அங்கும் தனி.

கணிதப் பிரிவில் படிப்பது உங்களுக்குப் பலம். அதோடு இரசாயனவியலை வெறும் பரீட்சைப் பாடமாக எண்ணாமல் படியுங்கள். விடுமுறையில் உறவினர் எவருடைய வயலிலாவது ஒரு போகம் முழுவதும் நின்று பாருங்கள். விமானத்துக்கு முன்பு பயிரை அறிந்திருப்பவருக்கே இத்தொழில் வசப்படுகிறது.

கேள்வி: எனக்கு இரண்டு கண்களுக்கும் கண்ணாடி உண்டு. விமானி ஆக முடியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: உண்மையன்று. வர்த்தக விமானிக்குத் தேவையான முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்கு, கண்ணாடியுடனோ கண்ணாடியின்றியோ ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்களும் சேர்ந்து 6/6 என்ற பார்வை இருந்தால் போதும் என்பதே சர்வதேச நியமம். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருக்கிறதா என்பதே முக்கியமான சோதனை. அதைத் தன்னிடம் உள்ள குறையென்று அறியாமலே பலர் வளர்ந்துவிடுகிறார்கள். ஆகவே பயிற்சிப் பாடசாலைக்கு ஒரு ரூபா கட்டுவதற்கு முன்பு, அதிகாரசபை ஏற்றுக்கொண்ட மருத்துவரிடம் முழுப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஒரு பெண். விவசாய விஞ்ஞானம் படிக்க எண்ணியிருக்கிறேன். இந்தத் தொழில் ஆண்களுக்கு மாத்திரம் உரியதா?
– தெஹிவளை மாணவி

பதில்: இல்லை தங்கையே. பெண் விவசாய விமானிகள் பல நாடுகளில் வேலை செய்கிறார்கள். எண்ணிக்கையில் இன்னும் குறைவு என்பது மாத்திரமே உண்மை. விமானம் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. எந்த அனுமதிப்பத்திரத்திலும் அந்த வேறுபாடு இல்லை. ஏற்றும் குழுவில் வேலை செய்யும் காலத்தில் பாரம் தூக்க வேண்டியிருக்கும் என்பதை அறிந்திருங்கள். கருவுற்றிருக்கும் காலத்தில் நச்சுப் பொருட்களோடு வேலை செய்யக் கூடாது என்பதை நிறுவனத்தோடு முன்கூட்டியே பேசித் தெளிவுபடுத்திக்கொள்வதும் அவசியம். விவசாய விஞ்ஞானப் பட்டம் இத்துறையில் அரிதான பலம். பறக்கத் தெரிந்தவர்களைத் தேடுவதைவிட, பயிர் நோயைப் பார்த்த கணத்தில் அடையாளம் காணும் விமானியைத் தேடுவது நிறுவனங்களுக்குக் கடினம்.

கேள்வி: என் மகன் இந்த வேலைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறான். இவ்வளவு தாழ்வாகப் பறப்பதைப் பார்க்கும்போதே நெஞ்சு பதறுகிறது. இது எவ்வளவு ஆபத்தானது என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.
– பம்பலப்பிட்டித் தாய்

பதில்: அம்மா, மறைக்காமலே எழுதுகிறேன். இது ஆபத்துள்ள தொழில். அந்த ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை உங்கள் மகன் தெளிவாகச் சொல்லக்கூடியவராக இருக்கிறாரா என்பதைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, கம்பி. வயலின் குறுக்கே செல்லும் மின்கம்பி, காற்றிலிருந்து பார்க்கும்போது பின்னணியோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அனுபவமுள்ள விமானி கம்பியைத் தேடுவதில்லை. கம்பத்தைத் தேடுவார், கம்பங்களின் வரிசையிலிருந்து கம்பி எங்கே போகிறது என்று கணிப்பார். வேலை தொடங்குமுன் வயலைச் சுற்றி உயரத்தில் பறந்து பார்ப்பதும், முடிந்தால் முதல்நாளே தரைவழியாகப் போய்ப் பார்ப்பதும் இதற்காகவே. இவ்வளவுக்குப் பிறகும், நான்காவது ஐந்தாவது கோட்டில், பார்த்து வைத்திருந்த கம்பியையே மறந்து மோதியவர்கள் இருக்கிறார்கள். களைப்பும் கவனச் சிதறலும் அதற்குக் காரணம். காற்றாலை அமைப்பதற்கு முன் காற்றை அளக்க நடப்படும் மெல்லிய கோபுரங்கள் இன்னோர் ஆபத்து. அமெரிக்காவில் 200 அடிக்குக் குறைந்த கோபுரங்களுக்கு நிறமோ விளக்கோ இடும் கட்டாயம் நீண்ட காலம் இருக்கவில்லை. விமானிகளின் உயிரிழப்புகளுக்குப் பிறகு 2016இல் நிறைவேறிய சட்டத்தில்தான் அதற்கு வழி செய்யப்பட்டது.

இரண்டாவது, வயலின் முடிவில் வரும் திருப்பம். பாரத்தோடு மேலெழுந்து, வேகம் குறைந்த நிலையில் கூர்மையாக வளையும்போது இறக்கை தன் தாங்குதிறனை இழக்கலாம். நிலம் அருகில் இருப்பதால் மீள்வதற்கு உயரம் இருக்காது. வெப்பமான நாளில், முழுத் தாங்கியோடு, நேரத்தை மிச்சப்படுத்த அவசரமாகத் திரும்பும் விமானிக்கே இது பெரும்பாலும் நேர்கிறது. நிதானமாக, அகலமாகத் திரும்பினால் ஒவ்வொரு கோட்டுக்கும் சில நொடிகள் கூடுதலாகும்; அந்த நொடிகளைக் கொடுக்கப் பழகியவர்கள் முதுமை வரை இத்தொழிலில் இருந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, நஞ்சு. சில பூச்சிநாசினிகள் நரம்புகளின் வேலைக்கு இன்றியமையாத கோலினெஸ்ரறேஸ் என்ற நொதியத்தைச் செயலிழக்கச் செய்கின்றன. பொறுப்புள்ள நிறுவனங்கள் பருவம் தொடங்குமுன் தொழிலாளரின் இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்து வைத்துக்கொண்டு, பருவத்தின் நடுவே மறுபடி சோதித்து, அளவு இறங்கியவரை வேலையிலிருந்து விலக்கி வைக்கும். மகன் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் இந்தச் சோதனை நடைபெறுகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்று சொல்லும் இடம் அவருக்கு உகந்த இடமன்று.

இவற்றுக்கு எதிராக விமானங்களும் மாறியிருக்கின்றன என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். 1950இல் டெக்சாஸில் பிரெட் வீக் என்ற பொறியியலாளர், விவசாயத்துக்கென்றே வடிவமைத்த விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். விமானியை உயரத்தில் இருத்தி நன்றாகப் பார்க்கவிடுவதும், மோதினால் நொறுங்காத கூட்டுக்குள் அவரை வைப்பதும், பாரமான தாங்கியை அவருக்குப் பின்னால் வைக்காமல் முன்னால் வைப்பதும் அக்காலத்தில் உருப்பெற்ற எண்ணங்கள். இன்றைய விமானங்களின் கண்ணாடிக்கு முன்னால் கம்பியை அறுக்கும் கத்தியும், கூரையிலிருந்து வால் வரை கம்பியை வழுக்கிச் செல்லவைக்கும் உருக்கு வடமும் இருக்கும். தலைக்கவசமும் வலிமையான பட்டிகளும் அணிந்தே விமானி பறக்கிறார். இவை ஆபத்தைக் குறைக்கின்றன, நீக்குவதில்லை. உங்கள் மகன் பொறுமைசாலியா, சொன்னதைக் கேட்பவரா, களைப்பாக இருக்கும் நாளில் ‘இன்று முடியாது’ என்று சொல்லக்கூடியவரா என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். துணிச்சலைக் காட்டுவதற்காக இத்தொழிலை விரும்புகிறவராக இருந்தால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

கேள்வி: கேரளத்தின் காசர்கோட்டில் வானிலிருந்து எண்டோசல்பான் என்ற பூச்சிநாசினியைத் தெளித்ததால் குழந்தைகள் பட்ட துன்பத்தைப் படித்திருக்கிறேன். அப்படிப்பட்ட தொழிலுக்கு இளைஞர்களை வழிநடத்துவது சரிதானா?
– மட்டக்குளி வாசகர்

பதில்: இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இத்தொழிலைப் பற்றிப் பேச எவருக்கும் உரிமை இல்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை, காசர்கோடு மாவட்டத்தில் அரசுக்குச் சொந்தமான தோட்டக் கழகத்தின் முந்திரி (கஜு) தோட்டங்களில் உலங்குவானூர்தியால் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. தோட்டங்கள் குன்றுகளின் மேல் இருந்தன. வீடுகளும் கிணறுகளும் ஓடைகளும் அவற்றின் இடையிலும் கீழேயும் இருந்தன. தெளித்த நஞ்சு மக்கள் குடிக்கும் நீரை நோக்கி இறங்குவதற்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. அதே ஆண்டில் எளிதில் அழியாத நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் நாடுகளும் உலக அளவில் அதை ஒழிக்க முடிவு செய்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டின் பணிப்புரையொன்றின் மூலம் வான்வழித் தெளிப்பைப் பொதுவாகத் தடை செய்து, மிகச் சில விதிவிலக்குகளை மாத்திரம் அனுமதித்தது. பிலிப்பைன்ஸின் டாவாவோ நகரம் வாழைத் தோட்டங்களில் அதைத் தடைசெய்து 2007இல் சட்டம் இயற்றியது. 2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்றது. ஆகவே உலகம் இதில் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை என்பதை இளைஞர்கள் அறிந்தே இத்துறைக்குள் வர வேண்டும்.

எனினும், தவறு எங்கே நிகழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தெளித்த துளி வயலைவிட்டு வெளியே போவதே அடிப்படைத் தீமை. மிக நுண்ணிய துளி காற்றில் நெடுந்தூரம் போகும். சற்றுப் பெரிய துளி உடனே கீழே விழும். இறக்கையின் நுனியில் எழும் சுழல்காற்றில் துளிகள் மேலே இழுபடும் என்பதால், தெளிப்புக் குழாயை இறக்கையின் நுனி வரை நீட்டாமல் உள்ளேயே நிறுத்துகிறார்கள். காற்றே இல்லாத அமைதியான அதிகாலை நல்ல நேரம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பெரும் பிழை. நிலத்தை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று மூடிபோல் கிடக்கும் அந்த வேளையில், நுண்துளிகள் மேலேயும் கலையாமல் கீழேயும் இறங்காமல் ஒரு படலமாக மிதந்து, எதிர்பாராத திசையில் யாருடைய வீட்டுக்கோ போய்ச் சேரும். மணிக்கு 5 முதல் 16 கிலோமீற்றர் வரையான, திசை மாறாத இலேசான காற்றே உகந்தது; அதுவும் வீடுகளையும் நீரையும் நோக்கி வீசாததாக இருக்க வேண்டும்.

விமானி இவ்வளவையும் அறிந்தவராக இருக்கும்போது, தெளிக்கச் சொல்பவரிடம் ‘இந்த இடத்தில், இந்தக் காற்றில் முடியாது’ என்று சொல்லும் கடமையும் அவருக்கு உண்டு. காசர்கோட்டின் நிலத்தில் எந்தத் திறமையான விமானியும் நஞ்சைத் தோட்டத்துக்குள் மாத்திரம் நிறுத்தியிருக்க முடியாது. அங்கே சரியான ஒரே செயல் தெளிக்காமல் இருப்பதே. இதை மனத்தில் ஏற்றுக்கொள்ளாத இளைஞரை நான் இத்துறைக்கு அனுப்ப விரும்பமாட்டேன். ஏற்றுக்கொண்டவர்கள் வருவது நல்லது என்றே நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் பெற்றோருக்குக் கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் உண்டு. நான் கொழும்பில் கணக்காளராக வேலை செய்கிறேன். விமானம் ஓட்ட வசதியில்லை. ட்ரோன் மூலம் மருந்து தெளிக்கும் தொழிலைத் தொடங்கலாமா? பிற்காலத்தில் விமானி ஆவதற்கு அந்த அனுபவம் கணக்கில் வருமா?
– கொள்ளுப்பிட்டி வாசகர்

பதில்: நம்முடைய வயல்களின் அளவுக்கு ஏற்ற வான்வழித் தெளிப்பு ட்ரோன்தான். 30, 40 லீற்றர் தாங்கியுள்ள ட்ரோன்கள் இன்று கிடைக்கின்றன. ஆனால் அதை வாங்குவதற்கு முன் மூன்று வாசல்களைத் தட்ட வேண்டும். ட்ரோனைப் பதிவு செய்வதற்கும் இயக்குவதற்கும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பற்றியும், குறிப்பாக வடக்கில் இயக்க எண்ணுவதால், முதலிலேயே எழுத்தில் கேட்டுத் தெளிவுபெறுங்கள். மருந்துகளைப் பொறுத்தவரை 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. பேராதனையிலுள்ள பீடைநாசினிப் பதிவாளர் அலுவலகத்தில், நீங்கள் பயன்படுத்த எண்ணும் மருந்தை ட்ரோனால் தெளிக்கலாமா என்று கேளுங்கள்.

இந்த மூன்றாவது வாசலைத்தான் பலர் தட்டாமல் விடுகிறார்கள். முதுகில் சுமக்கும் தெளிகருவியால் ஒரு ஏக்கருக்கு நூறு லீற்றருக்கு மேல் நீர் பிடிக்கும். ட்ரோன் அதே ஏக்கரைப் பத்து லீற்றர் அளவிலேயே முடிக்கும். மருந்தின் அளவு மாறாமல் நீர் குறைவதால், கலவை பல மடங்கு செறிவாகிவிடுகிறது. காற்றில் பறந்தாலும் தோலில் பட்டாலும் அதன் கேடு அதிகம். பயன் குறையும் இடமும் உண்டு. நெல்லின் கபிலநிறத் தத்தி தண்டின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருக்கும். அடர்ந்த பயிரின் மேலிருந்து சிறிதளவு திரவத்தைத் தெளித்தால் இலைகள் மாத்திரம் நனைந்து, பூச்சி இருக்கும் இடத்துக்கு மருந்து போய்ச் சேராமல் விடலாம். ஆகவே முதற் போகத்தில் உங்கள் பெற்றோரின் வயலின் ஒரு பகுதியில் மாத்திரம் செய்து, தெளிப்பதற்கு முன்னும் பின்னும் தண்டடியில் பூச்சிகளை எண்ணிப் பாருங்கள். அயல் வயல்காரர் உங்களிடம் வேலை தருவதற்கு அந்த எண்ணிக்கையைவிட நல்ல சான்று இல்லை.

ட்ரோன் இயக்கிய மணித்தியாலங்கள் விமானி அனுமதிப்பத்திரத்துக்குரிய பறப்பு மணித்தியாலங்களாகக் கணக்கில் வரமாட்டா. ஆனால் நொசில், துளி, காற்று, கலவை ஆகியவற்றில் பெறும் அறிவு, முன்னர் சொன்ன ஏற்றும் குழு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெரிதும் உதவும்.

கேள்வி: ஒரு முகவர், வெளிநாட்டில் பத்து மாதத்தில் விவசாய விமானியாக்கி, வேலையும் உறுதி என்று சொல்லி, முழுக் கட்டணத்தையும் முற்பணமாகக் கேட்கிறார். வீட்டு உறுதியை வங்கியில் வைத்துக் கடன் எடுக்கலாமா?
– இரத்மலானைத் தந்தை

பதில்: வேண்டாம். இத்துறையில் எவராலும் வேலையை உறுதிசெய்ய முடியாது; மேலே விளக்கியபடி, அதைத் தீர்மானிப்பவர்கள் நிறுவன உரிமையாளரும் காப்புறுதியாளரும் ஆவர். மாணவ விசா வேலை விசா ஆகாது. அமெரிக்காவின் பறப்புப் பயிற்சி விசாவில், படிப்பு முடிந்த பின் கிடைக்கக்கூடிய செயல்முறைப் பயிற்சிக் காலமே அதிகபட்சம் ஆறு மாதம். பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் வெளிநாட்டவர் பாதுகாப்புச் சோதனையிலும் தேற வேண்டும். பல நாடுகளில் பருவத்துக்குப் பருவமே வருமானம் வருகிறது. தெளித்த ஏக்கர்களுக்கேற்பக் கொடுப்பதும் உண்டு. மாதந்தோறும் வங்கிக்குக் கட்ட வேண்டிய கடனோடு அத்தகைய வருமானம் பொருந்தாது.

அந்த முகவரிடம் சில கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பாடசாலையை அந்நாட்டு விமான அதிகாரசபை அங்கீகரித்திருக்கிறதா? அங்கீகாரத்தை முகவரின் தாளில் பார்க்காமல், அதிகாரசபையின் சொந்தப் பட்டியலில் பாருங்கள். பயிற்றுநரும் மாணவரும் சேர்ந்து அமரக்கூடிய இரண்டு ஆசன விவசாய விமானம் அப்பாடசாலையிடம் சொந்தமாக இருக்கிறதா? பெரும்பாலான விவசாய விமானங்கள் ஒற்றை ஆசனமுள்ளவை என்பதால், இல்லை என்றால் அங்கே விவசாயப் பறப்பைக் கற்பிக்க வழியே இல்லை. பறந்த மணித்தியாலத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் கட்டம் கட்டமாகச் செலுத்த முடியுமா? மகன் இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா? இவற்றுக்குத் தெளிவான பதில் வராவிட்டால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் இரத்மலானையிலேயே இருக்கிறீர்கள். வீட்டு உறுதியைத் தொடாமல், மகனை முதலில் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதில் தேறினால், அருகிலுள்ள பயிற்சிப் பாடசாலை ஒன்றில் அறிமுகப் பறப்புக்கு ஒரு முறை அனுப்புங்கள். இரண்டும் முடிந்த பின், முகவர் சொன்ன பாடசாலையின் பெயரையும் அவருடைய எழுத்துமூலப் பதில்களையும் சேர்த்து எனக்கு அனுப்பினால், ஒவ்வொன்றையும் பார்த்து அடுத்த இதழில் பதில் தருகிறேன்.